நேர்த்திக்கடனுக்கு அப்பால்

புதன்கிழமை வந்தால் மும்பையின் மாஹிம் பகுதியில் நடக்க இடமிருக்காது. புனித மைக்கேல் ஆலயத்தில் அன்று நொவேனா. 1948இல் தொடங்கிய இந்த வாராந்தர வழிபாட்டுக்கு வருபவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல. பக்கத்துத் தாராவியிலிருந்து தமிழர்கள் நடந்தே வந்துவிடுகிறார்கள். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நெற்றியில் விபூதியோடு வந்து வரிசையில் நிற்பவர்களும் உண்டு. ஆலய வாசலில் மெழுகில் செய்த வீடு, கை, கால், குழந்தை பொம்மை எல்லாம் கிடைக்கும். சொந்த வீட்டுக்கு ஏங்குபவர் மெழுகு வீட்டையும், முழங்கால் வலிக்காரர் மெழுகுக் காலையும் வாங்கிப்போய் மாதாவின் முன் வைக்கிறார்கள்.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்தெழும் குடும்பம் கடவுளிடம் வீடு கேட்பதில் என்ன தவறு? நமக்கு இது புதிதும் அல்ல. பழனிக்குக் காவடி எடுக்கிறோம். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் நேர்த்திக்கடன். பெயரிலேயே கடன் இருக்கிறது. கேட்டது கிடைத்தால் அடைக்க வேண்டும். அடைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

கிறிஸ்தவம் சொல்லும் கணக்கு வேறு. ரோமாபுரி சபைக்கு எழுதிய கடிதத்தில், மனிதனுக்குத் தகுதியில்லாமலே கிடைத்த இரக்கத்தைப் பற்றிப் பதினோரு அதிகாரங்கள் விவரித்த பிறகு, பன்னிரண்டாவதை ‘அப்படியிருக்க’ என்று ஆரம்பிக்கிறார் பவுல். விஷயமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. இரக்கம் ஏற்கெனவே கிடைத்தாயிற்று. அப்படியிருக்க, உங்களையே கொடுங்கள் என்கிறார். வரம் கிடைப்பதற்காகக் கொடுப்பதல்ல, கிடைத்துவிட்டதால் கொடுப்பது. அதுவும் மெழுகுக் காலையல்ல, நடக்கிற காலை.

அப்படிக் கொடுத்த ஒருவரை மும்பை அறியும். 1870களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, புராணம் வாசித்துப் பிழைத்த ஒரு மராத்தி பிராமணக் குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. கையிலிருந்ததெல்லாம் தீர்ந்து, காட்டில் இலைகளைத் தின்று நாட்களைக் கடத்தியது. தந்தை, தாய், மூத்த மகள் மூவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். பிழைத்த மகன், இளைய மகள் இருவரில் இளையவர்தான் பண்டித ரமாபாய்.

இருபத்துநான்கு வயதுக்குள் அண்ணனையும் கணவரையும் இழந்தார். 1883இல் கைக்குழந்தையுடன் இங்கிலாந்து போனார். அங்கே லண்டனின் ஃபுல்ஹாமில், வழிதவறியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களைக் கன்னியாஸ்திரீகள் பராமரிப்பதைப் பார்த்தார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு, இயேசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் பேசிய கதையைச் சொன்னார்கள். அந்த ஆண்டே ஞானஸ்நானம் பெற்றார். அப்போது தமக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்து அல்ல என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை அபூர்வமானது.

1889இல் மும்பையில் விதவைகளுக்காக சாரதா சதன் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே அது புணேவுக்கு மாறியது. ரமாபாயின் பிரார்த்தனைக்கு மாணவிகளும் வருகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பி, 1893இல் ரானடே போன்ற சீர்திருத்தவாதிகளே ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருந்ததா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ரமாபாய் பிரார்த்தனையை நிறுத்தவில்லை.

மூன்று ஆண்டுகளில் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. அந்தச் செய்தி அவருக்கு வெறும் செய்தியாக இருந்திருக்க முடியாது. இலை தின்று பிழைத்த பெண், பட்டினியால் சுருண்டு கிடந்த பெண்களைத் தேடிப் போனார். சுமார் 300 பேரை அழைத்துவந்தார். புணேவை அடுத்த கேட்காவில் முக்தி இல்லம் உருவானது. 1900ஆம் ஆண்டு அங்கே 1,500க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். விவசாயம், நெசவு, அச்சுத் தொழில் கற்றார்கள். ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் படித்து பைபிளை மராத்தியில் மொழிபெயர்க்க, அந்தப் பெண்களே அச்சுக் கோத்தார்கள். 1922 ஏப்ரல் 5 அன்று அவர் காலமானார். முக்தி இல்லம் இன்றும் இயங்குகிறது.

தாம் பட்டினியில் சாகாமல் தப்பியது கடவுளின் இரக்கத்தால் என்று ரமாபாய் நம்பினார். அதைத் திருப்பிச் செலுத்த அவர் முயலவில்லை. கடவுளுக்கு என்ன குறை, திருப்பிச் செலுத்த? வந்ததை அடுத்தவர் பக்கம் திருப்பிவிட்டார். அதற்கு முழு வாழ்க்கையும் தேவைப்பட்டது. கணக்குத் தீரவே இல்லை.

மாஹிமுக்கு நன்றி சொல்ல வருபவர்களும் உண்டு. வீடு கிடைத்தவர் மெழுகு வீட்டோடு மறுபடி வருகிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி ரயிலேறி வரும் பையனுக்கு, புதிதாகக் கிடைத்த அந்த வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா? இன்று தாராவியில் குடும்பத்தோடு வாழும் பல பெரியவர்கள், ஒரு காலத்தில் யாரோ ஒருவர் விரித்த பாயில் படுத்தவர்கள்தான்.