மூன்று எழுத்தை எடுக்க மூன்று வருஷம்

2023 மார்ச் 18. கோவா ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் ஃபைனல். ஏடிகே மோகன் பகானும் பெங்களூரு எஃப்சியும் 2-2 என்று முடித்து, பெனால்ட்டி ஷூட்அவுட்டில் 4-3 என்று மோகன் பகான் ஜெயித்தது. கப் வாங்கின கையோடு கிளப் ஓனர் சஞ்சீவ் கோயங்கா ஒரு அறிவிப்பு செய்தார்: அடுத்த சீசனிலிருந்து டீம் பெயரில் ‘ஏடிகே’ இருக்காது.

என்னைக் கேட்டால் அன்றைக்கு ரசிகர்களுக்குக் கிடைத்தது ரெண்டு கப். ரெண்டாவதுக்காகத்தான் அவங்க மூணு வருஷமா தொண்டை கிழிய கத்திக்கிட்டு இருந்தாங்க.

“ஜெயிக்கிற டீமுக்கு என்ன பேர் இருந்தா என்னடா?” இந்தக் கேள்வியை நம்ம ஹாஸ்டல்ல போட்டால் பாதிப் பேர் “அதானே” என்பார்கள். நாம ஃபுட்பால் பார்ப்பது பெரும்பாலும் மான்செஸ்டர், லண்டன், மேட்ரிட் டீம்களை. புது ஓனர் வர்றார்னா நாம கேட்கிற முதல் கேள்வியே, டிரான்ஸ்ஃபருக்கு எவ்ளோ இறக்குவார் என்பதுதான். 2021ல் நியூகாஸிலை சவுதி பணம் வாங்கினபோதும் அதைத்தான் கேட்டோம், அடுத்த வருஷம் செல்சி கைமாறினபோதும் அதைத்தான் கேட்டோம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து போனில் பார்க்கிறவனுக்கு அது போதும். தாத்தா உட்கார்ந்த கேலரியில் தானும் உட்கார்கிறவனுக்குப் போதாது. கொல்கத்தாவில் நடந்தது அந்த ரெண்டாவது ஆளோட சண்டை. நம்ம நாட்டிலேயே நடந்தும், நம்ம பக்கம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. மோகன் பகான் 1889ல் ஆரம்பித்த கிளப். 1911ல் ஐஎஃப்ஏ ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்கிற பிரிட்டிஷ் ராணுவ டீமை 2-1 என்று தோற்கடித்தது. நம்ம ஆட்களில் ஒருத்தரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலில் ஆடினார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில், அவன் ஆட்டத்தில், அவன் ராணுவத்தையே ஜெயித்த டீம் அது. பச்சையும் மெரூனும் கலர், பாய்மரப் படகு சின்னம்.

ஏடிகே 2014ல் ஐஎஸ்எல்லுக்காகவே உருவான டீம். முதலில் பெயர் அட்லெடிகோ டி கொல்கத்தா. ஸ்பெயினின் அட்லெடிகோ மேட்ரிட் அதில் பார்ட்னர் என்பதால் சிவப்பு வெள்ளை கோடு போட்ட ஜெர்சி. 2017ல் மேட்ரிட்காரங்க கழன்று போனார்கள், பெயர் ஏடிகே என்று சுருங்கியது. அந்த ‘ஏ’ முதலில் வந்ததே மேட்ரிட்டிலிருந்துதான் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

2019-20 சீசனில் மோகன் பகான் ஐ-லீக் சாம்பியன். ஏடிகே ஐஎஸ்எல் சாம்பியன். ஆனால் நாட்டின் முதல்நிலை லீக் என்ற அந்தஸ்து அதற்குள் ஐஎஸ்எல்லுக்குப் போய்விட்டது. உள்ளே போக கோடிக்கணக்கில் பணம் வேணும், மோகன் பகானிடம் அது இல்லை. 2020 ஜனவரியில் கோயங்காவின் ஆர்பிஎஸ்ஜி குழுமம் 80 சதவீதப் பங்கை எடுத்தது, பழைய கிளப்புக்கு 20. ஜூலையில் பெயர் முடிவானது: ஏடிகே மோகன் பகான். பச்சை மெரூன் தப்பித்தது, படகும் தப்பித்தது, ஆனால் படகுக்குள் ஏடிகே ஏறிக்கொண்டது. ஐ-லீக் ஜெயித்துக் கொடுத்த கோச் கிபு விகுனா கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போனார். ஏடிகேயின் கோச் ஹபாஸ்தான் புது டீமுக்கும் கோச். இணைப்பு என்றால் ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கணும். இங்கே யார் யாருக்குள் போனார்கள் என்பது பார்த்தவங்களுக்குப் புரிந்துவிட்டது.

ரசிகர்கள் ரெண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி: கோயங்கா இல்லேன்னா நாம இன்னும் ஐ-லீக்ல புழுதி தின்னுக்கிட்டு இருப்போம், சோறு போடுறவன் பேரைத் தட்டுல எழுதினா என்ன? இன்னொரு கட்சி: ‘ரிமூவ் ஏடிகே’. நேற்று வரை எதிரி ஸ்டாண்டில் இருந்த டீமின் பெயரை எங்க பெயருக்கு முன்னாடி ஒட்டி, இனி இதுதான் நீங்கன்னு சொன்னா எப்படி?

முதல் கட்சியைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. அவங்ககிட்ட ஒரு நல்ல கேள்வி இருந்தது. 1998ல் யுனைடெட் ப்ரூவரீஸ், அதாவது விஜய் மல்லையா கம்பெனி, மோகன் பகானில் பாதிப் பங்கை வாங்கி ‘மெக்டவல்ஸ் மோகன் பகான்’ ஆக்கியதே, அப்போ எங்கே போனீங்க? அதே கம்பெனி பரம எதிரி ஈஸ்ட் பெங்காலிலும் பாதிப் பங்கை வாங்கி ‘கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால்’ என்று பெயர் வைத்தது. (ஒரே ஆள் சிஎஸ்கேயையும் மும்பையையும் வாங்கினால் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.)

என்னோட பதில் இது. மெக்டவல்ஸ் என்பது கடை போர்டு மாதிரி. கம்பெனி போனால் போர்டு இறங்கும், கடை நம்மதாகவே இருக்கும். அப்படித்தான் ஆச்சு. ஏடிகே என்பது ஜெர்சியும் ரசிகர்களும் கோப்பைகளும் இருந்த இன்னொரு டீம். அதை முன்னாடி வைத்தால் 1889 எங்கே ஆரம்பிக்குது, 2014 எங்கே ஆரம்பிக்குதுன்னே குழம்பிப் போகும். இன்னும் முக்கியமா, 80 சதவீதம் கையில் இருப்பவர் வைத்த பெயரை இறக்க 20 சதவீதத்துக்கு அதிகாரம் கிடையாது. சத்தம் போடுறது ஒண்ணுதான் வழி. அந்தச் சத்தத்தைத் தோற்கும்போது போடுவது சுலபம். இவங்க டீம் ஜெயிக்கும்போதும் போட்டாங்க. அதுக்காகவே ஒரு சல்யூட்.

சத்தம் பாதிதான் வேலை செய்தது. புதுப் பெயர் என்ன தெரியுமா? மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட். தோனி ஆடின ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட் ஞாபகம் இருக்கா? லக்னோ சூப்பர் ஜெயன்ட்ஸ் தெரியும்ல? அதே ஓனர், அதே பட்டம். 2023 மே 20 அன்று ஈடன் கார்டன்ஸில் கேகேஆருக்கு எதிரா லக்னோ டீம் பச்சை மெரூன் ஜெர்சி போட்டுக்கொண்டு இறங்கியது. மோகன் பகானுக்கு மரியாதை என்றார்கள். கொல்கத்தா ஊரிலேயே கேகேஆருக்கு எதிரா ஆள் சேர்க்கிற வியாபார புத்தி என்று நான் சொல்வேன். முன்னாடி ஒட்டின பெயரை எடுத்துப் பின்னாடி ஒட்டினதுக்கு, ‘ரிமூவ் ஏடிகே’ அளவுக்குச் சத்தம் எழவில்லை. 2025ல் லீக் ஷீல்டு, கப் ரெண்டையும் டீம் சேர்த்து ஜெயித்தது. இனி யார் கேட்பார்கள்?

எதிர்க்கரையில் ஈஸ்ட் பெங்கால் கதை இதைவிடக் கசப்பு. 1920ல் ஆரம்பித்த கிளப். நூறாவது வருஷத்தில் ஐஎஸ்எல்லுக்குள் நுழைய ஆள் தேடினார்கள். 2020 செப்டம்பரில் முதல்வர் மம்தா பானர்ஜியே ஸ்ரீ சிமெண்ட் கம்பெனியை அறிமுகம் செய்து வைத்தார். ஆரம்ப ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு டீம் ஆடப் போய்விட்டது. இறுதி ஒப்பந்தத்தில் மட்டும் கிளப் நிர்வாகம் கையெழுத்துப் போடவில்லை. முதலில் ஒத்துக்கொண்டது வேற, இப்போ எழுதியிருப்பது வேற என்றது நிர்வாகம். போட்டால்தான் அடுத்த சீசனுக்குப் பணம் என்றது கம்பெனி.

2021 ஜூலை 21 அன்று ரசிகர்கள் கிளப் வாசலில் கூடினார்கள். கையெழுத்துப் போடு என்று ஒரு கூட்டம், போடாதே என்று நிர்வாகத்துக்கு ஆதரவா இன்னொரு கூட்டம். ரெண்டு பக்கமும் அதே சிவப்பு தங்கக் கலர். கைகலப்பு ஆகி, போலீஸ் தடியடி நடத்தியது.

அடி வாங்கின யாரும் அந்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இல்லை. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. பணக்கார ஓனர் நல்லவரா கெட்டவரா என்று சண்டை போடுகிறோம். காகிதத்தில் எந்த வரி என்ன சொல்லுது, லீக்கில் ஆடும் உரிமை யார் பெயரில் இருக்கும், அவர் கிளம்பினால் அது திரும்பி வருமா என்பதெல்லாம் பூட்டின அறைக்குள் நடக்குது. நம்ம கையில் இருப்பது வதந்தியும் வாட்ஸ்அப் ஃபார்வர்டும்.

நிர்வாகத்தையும் நான் தியாகி ஆக்கப் போவதில்லை. “நம்ம கிளப்பை விற்க விடமாட்டோம்” என்று முழங்கியவர்கள் தங்களோட நாற்காலியையும் சேர்த்துத்தான் காப்பாற்றினார்கள் என்பது என் அபிப்பிராயம். முதல்வர் மறுபடி தலையிட்டு அந்த ஒரு சீசன் ஓடியது. டீம் கடைசி இடம். 2022 ஏப்ரலில் ஸ்ரீ சிமெண்ட் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. பிறகு எமாமி வந்தது. 2024 ஜனவரியில் சூப்பர் கப் ஜெயிக்கும்போது, தேசிய அளவில் ஒரு கோப்பையைத் தொட்டு 12 வருஷம் ஆகியிருந்தது.

வெளிநாட்டிலும் இதே பாட்டுதான். வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் சிட்டி டீமுக்குச் செல்லப் பெயர் ப்ளூபேர்ட்ஸ். மலேசியப் பணக்காரர் வின்சென்ட் டான் 2012ல் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார். கடனில் மூழ்குவதற்குச் சிவப்பு பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அடுத்த வருஷமே பிரீமியர் லீக்குக்கும் போனார்கள். அடங்கிடுவாங்கன்னு நினைச்சிருப்பார். அடங்கல. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. ஜெர்மனியில் இந்த அவஸ்தை குறைவு. சில விதிவிலக்கு தவிர, ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் கிளப் உறுப்பினர்களிடமே இருக்கணும் என்று லீக் விதியே இருக்கு. கோடீஸ்வரர் வரலாம், பணம் போடலாம், கலரை மாத்தணும்னா உறுப்பினர்களைத் தாண்டிப் போகணும்.

நம்ம ஊருக்கு வருவோம். சென்னையின் எஃப்சிக்கு இந்தச் சண்டை போடக்கூட வாய்ப்பில்லை. 2014ல் பிறக்கும்போதே ஓனரோடு பிறந்த டீம். 2015, 2018 ரெண்டு தடவை சாம்பியன், ‘சூப்பர் மச்சான்ஸ்’ போன்ற ரசிகர் கூட்டம் உண்டு, மெரினா அரீனாவில் தொண்டை வறளக் கத்துகிறோம். ஆனால் விற்பதற்கு முன்னாடி நம்மகிட்ட கேட்கணும் என்று சொல்ல 20 சதவீதம் என்ன, ஒரு சதவீதம்கூட நம்ம பக்கம் இல்லை. 2025ல் ஐஎஸ்எல் நடக்குமா நடக்காதா என்று தொங்கியபோது, பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தி வைத்தது, சென்னையின் தன் வேலைகளையே நிறுத்தி வைத்தது. ரசிகர்களுக்கு வந்தது ஒரு அறிக்கை மட்டும்தான். நாளைக்கே யாராவது வந்து டீமை வாங்கி, நீலத்தை மாத்தி, பெயருக்கு முன்னாடி மூன்று எழுத்தை ஒட்டினால், நாம எந்தக் காகிதத்தைக் காட்டித் தடுப்போம்?

“அட, யாராச்சும் வாங்கினா சரிதான் ப்ரோ” என்கிற கட்சி நம்ம கேம்பஸில் பெரிய கட்சி என்று எனக்குத் தெரியும். உங்க வாதத்தையும் எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் மோதிக்கலாம். ஆனா ‘பட்ஜெட் எவ்ளோ’ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.