உழைப்பின் பயன் யாருக்கு?

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையேயான விளையாட்டு பெருவணிகமாக வளர்ந்துள்ளது. நுழைவுச்சீட்டாலும் தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையாலும் கோடிக்கணக்கான டாலர் ஈட்டப்படுகிறது. பயிற்றுநர் சிலர் பெரும் ஊதியம் பெறுகின்றனர். களத்தில் வியர்வை சிந்திய மாணவருக்கோ நெடுங்காலம் கல்வி உதவித்தொகையே கிடைத்தது. தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்திற்குத் தந்து பொருளீட்டவும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தடை விதித்திருந்தது.

'பணம் புகுந்தால் படிப்புக் கெடும்' என்பது தடையை ஆதரித்தோர் வாதம். இசை பயிலும் மாணவர் மேடையில் பாடிப் பொருள் பெறுவதை எவரும் தடுப்பதில்லை. விளையாடும் மாணவருக்கு மட்டும் வேறு நீதியா? மேலும், உடல்வலிமையையே முதலாகக் கொண்டவரின் வாய்ப்பு, ஒரு காயத்தால் ஒரே நாளில் முடிந்துவிடலாம்.

கல்வி சார்ந்த உதவிகளுக்கு அச்சங்கம் விதித்த வரம்பு சட்டத்திற்கு முரணானது என 2021 ஜூன் மாதம் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே விளம்பர வருவாய்க்கான தடையும் நீங்கியது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது.

எனினும், புகழ்பெற்ற சிலரிடமே பெரும்பணம் சேர்கிறது. ஒப்பந்தத்தின் உட்பொருள் அறியாத இளையோர் ஏமாறவும் கூடும். எனவே, சட்ட அறிவுரை, மருத்துவக் காப்பீடு, காயமுற்றாலும் படிப்பைத் தொடரும் உறுதி ஆகிய மூன்றும் அனைவருக்கும் வேண்டும். உழைப்பின் பயன் உழைத்தவரைச் சேர்வதே அறம். அப்பயனோடு பட்டமும் கைவரப் பெறுவதே பாதுகாப்பு.