செல்வமகள் கணக்கு: மாற்றியது வரவு அல்ல



2015-இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்து விசைத்தறி, லாரிக் குடும்பங்கள் பலவும் பெண் பிள்ளையின் படிப்புக்காகப் பணம் கட்டி வருகின்றன. வேலைக்காக ஊர் மாறுகிறவர்கள் கணக்கைத் தபால் நிலையத்திலிருந்து வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகுதான் வருமான வரிக் கணக்கில் குழப்பம் வருகிறது.

புதிய பாஸ்புக்கில் முழு இருப்பும் ஒரே வரவாகப் பதிவாவதைப் பார்த்து, அதையே அந்த ஆண்டின் முதலீடு என்று சிலர் காட்டிவிடுகிறார்கள். மாற்றப்பட்ட தொகை புது முதலீடும் அல்ல, வருமானமும் அல்ல. பழைய வரி முறையில் இருப்பவர், அந்த நிதியாண்டில் இரண்டு இடத்திலும் உண்மையில் கட்டிய தொகைக்கு மட்டுமே வரிக் கழிவு கேட்கலாம். ஆண்டு உச்சவரம்பான ஒன்றரை லட்சமும் இரண்டு இடத்துக்கும் சேர்த்துத்தான். வட்டிக்கு வரி இல்லை. ஆனாலும் கணக்குத் தாக்கல் செய்கிறவர் அதை விலக்கு பெற்ற வருமானப் பகுதியில் காட்டுவதே முறை.

கணக்கு முதிர்வது, தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டுகளில். மாற்றிய நாளிலிருந்து அல்ல. ஆகவே தொடங்கிய தேதி, நடப்பாண்டில் கட்டிய தொகை, வட்டி ஆகிய மூன்றையும் வங்கி புதிய பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே தனித்தனியாக அச்சிட்டுத் தர வேண்டும். பழைய பாஸ்புக்கை ஒப்படைக்கும் முன் பெற்றோரும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

– வாசகர், ராசிபுரம்