ஸ்லாட் இயந்திரமும் ரேஸ் குதிரையும்

கிண்டி ரேஸ் கோர்ஸை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு, டொரொண்டோவிலிருந்து

ஒரு ரேஸுக்கும் அடுத்த ரேஸுக்கும் இடையே ஏறக்குறைய அரை மணி நேரம் போகும். அதற்குள் ஒரு ஸ்லாட் இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் முடிந்துவிடும். இயந்திரத்துக்குத் தீவனம், லாடம், ஜாக்கி எதுவும் வேண்டாம். கேசினோக்கள் பெருகியபோது வட அமெரிக்க ரேஸ் மைதானங்கள் கூட்டத்தை இழந்ததற்கு இது முக்கியக் காரணம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1998இல் ஸ்லாட் இயந்திரங்களை மைதானங்களுக்குள்ளேயே கொண்டுவந்தது. வருவாயில் 10 சதவீதம் மைதானத்துக்கு. இன்னொரு 10 சதவீதம் பரிசுத் தொகையாகக் குதிரை வளர்ப்போருக்கும் ஓட்டுவோருக்கும். பரிசு ஏறியது, பண்ணைகள் செழித்தன. ரேஸில் பணம் கட்டுவோர் மட்டும் பெருகவில்லை. மைதானத்தின் பிழைப்பு அரசின் கையெழுத்தை நம்பியதாயிற்று. கேசினோவே இல்லாத கிண்டியிலும் அந்தக் கையெழுத்தின் வலிமை தெரிந்ததுதான்: 1945இல் தந்த 99 ஆண்டுக் குத்தகையைத் தமிழ்நாடு அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது.

ஒன்டாரியோ அரசு 2012 மார்ச்சில் ஸ்லாட் பங்கீட்டை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அப்போது ஆண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் இதன் வழியே வந்துகொண்டிருந்தது. ஓராண்டு அவகாசம் கிடைத்தது. குதிரைத் தொழிலுக்கு அது போதவே போதாது. குதிரையின் சினைக்காலம் 11 மாதம். குட்டி இரண்டு வயதில்தான் ரேஸில் இறங்கும். 2012 வசந்தத்தில் சினையான குதிரையின் குட்டி 2015இல் ஓட வேண்டும்; பணமோ 2013 மார்ச் 31உடன் நின்றது. எந்தப் பரிசை எதிர்பார்த்து அடுத்த குட்டிக்குச் செலவழிப்பது? வளர்ப்போர் இனப்பெருக்கத்தைக் குறைத்தார்கள். வின்ட்சர் மைதானம் 2012 ஆகஸ்டிலேயே மூடப்பட்டது. அடி முதலில் விழுந்தது லாயத் தொழிலாளர் மீதும், லாடம் அடிப்போர், வைக்கோல் விற்கும் விவசாயிகள் மீதும். இது கொடுமையானது, தவிர்த்திருக்கக் கூடியதும்கூட.

பிறகு அரசு இறங்கிவந்தது. ஐந்தாண்டுகளில் 40 கோடி டாலர் வரை தர 2013இல் ஒப்புக்கொண்டது. 2018இல் 19 ஆண்டு வரை நீளும் ஒப்பந்தமும் வந்தது. குட்டி வளரும் காலத்தைத் தாண்டி நிற்கும் உறுதியே வளர்ப்போருக்குத் தேவையாக இருந்தது.

கேசினோ உரிமத்தோடு ரேஸ் நாட்களைச் சட்டம் பிணைத்திருப்பதும் அதே அளவு அவசியம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வண்டிக் குதிரைப் பந்தயத்துக்கு இருந்த அந்தப் பிணைப்பு 2021இல் நீக்கப்பட்டது. அடுத்த ஏப்ரலில் பொம்பானோ பார்க் மைதானத்தில் ரேஸ் நின்றது. அங்கிருந்த கேசினோ தொடர்ந்து நடந்தது.