இடது கைக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கி

பெயரில்தான் காடு. இன்றைய மாங்காட்டில் புலியும் இல்லை, வேட்டையும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. ஆனால் ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டைக்குப் போகும் ஒரு இடதுகைக்காரர், பழைய போல்ட் ரைஃபிள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சாதாரண ரைஃபிளில் போல்ட் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். இடதுகைக்காரர் ஒவ்வொரு முறையும் விசையிலிருந்து கையை எடுத்து, துப்பாக்கிக்கு மேலே எட்டி இழுக்க வேண்டும். மான் என்றால் பரவாயில்லை. பாய்ந்து வரும் எருமை அதுவரை காத்திருக்குமா? இரண்டாவது குண்டுதான் அங்கே உயிர்!

அதனால் இடதுகை போல்ட் நல்லதுதான். கிடைப்பது அரிது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான் தவறு. மரக்கட்டையின் பளபளப்பு எதையும் காப்பாற்றாது. குழலின் உள்பக்கம் துருவில்லாமல் இருக்கிறதா, போல்ட்டின் பூட்டுப் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பிறகு சுடும் களத்தில், முழு மேகசினையும் வேகமாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தோட்டா சிக்கினாலும் வேண்டாம்.

அப்படி ஒன்று கிடைக்காவிட்டால்? தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அதன் லீவர் அடியில் இருப்பதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான். பழுதான இடதுகை ரைஃபிளை விட, பழகிய சாதாரண ரைஃபிளே மேல்.