ஆட்டக்காரரின் உரிமை

ஒப்பந்தக் கெடு தீர்ந்த பின்னும் ஆட்டக்காரனை விடாமல், சம்பளமும் கொடாமல் பிடித்து வைக்கும் அதிகாரம் முன்னாளில் இங்கிலாந்தின் கால்பந்து கிளப்புகளுக்கு இருந்தது. விளையாட்டின் பெயரால் நடந்த இவ்வநீதியை எதிர்த்து நின்றவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். 1960ல் நியூகாசில் கிளப்பை விட்டு நீங்க அனுமதி கிடையாதபோது, அவர் ஆட்டத்தையே துறந்து வேறு வேலைக்குப் போனார், பணியவில்லை. பின்னர் 47,500 பவுனுக்கு ஆர்சனலுக்கு மாற்றப்பட்டார். தம் காரியம் ஜயமாயிற்றென்று அவர் ஓய்ந்தாரா? இல்லை. ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் துணைநிற்க, வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1963ல் நீதிபதி வில்பர்போர்ஸ், அவ்வழக்கம் தொழிலுரிமைக்கு நியாயமற்ற தடையெனத் தீர்ப்பளித்தார்.

1972ல், 35 வயதில், ஸ்டோக் கிளப்புக்கு லீக் கோப்பையை வென்று தந்த கோலும் ஈஸ்ட்ஹாமுடையதே. ஆயினும் கோப்பை ஒரு கிளப்புக்குச் சேர்ந்தது; தீர்ப்போ ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்ந்தது. 2024ல் மறைந்த அவரை நாம் போற்றுவது இதன்பொருட்டே.