ஊவாக் காட்டிலே ஒரு போலி மன்னன்

“ஐயா, அரசனை நாடு கடத்திய பிறகும் அரசனுக்காக எப்படிப் போர் நடந்தது?” என்று சென்ற வாரம் தோட்டப்புறத்து மாணவன் ஒருவன் வினவினான். நல்ல வினா. விடை நம் பதுளை மண்ணிலேயே இருக்கின்றது.

1739 முதல் 76 ஆண்டுகள் கண்டியை ஆண்டோர் தென்னகத்து நாயக்கர் குலத்தவர். 1815 மார்ச் 2ஆந் திகதி கைச்சாத்தான கண்டி உடன்படிக்கை அவ்வாட்சியை முடித்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். அவனுடைய ஆண் உறவினர் அனுமதியின்றி மலைநாட்டிற் புகலாகாதென்றும் அவ்வுடன்படிக்கை விதித்தது.

ஈராண்டு கழிந்தது. 1817இல் ஊவாக் காட்டிலே ஒருவன் தோன்றி, தான் மன்னனின் உறவினனான துரைசாமி எனச் சாற்றினான். புதிய ஆட்சியில் மனம் வெதும்பியிருந்த மக்கள் அவனை நம்பினர். பதுளையிலிருந்து நிலைமையறியச் சென்ற ஆங்கில அதிகாரி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். கலகத்தை அடக்கச் சென்ற ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொலவோ, கலகத்தின் தலைவராகவே மாறினார்.

உண்மையில் அவன் வில்பாவே என்னும் சிங்களவன், முன்னாள் துறவி. 1818இல் மடுகல்ல என்னும் தலைவர் அவனைப் போலியெனக் கண்டு தொழுவில் மாட்டினார். வேடம் கலையவே கலகத்தின் வலுவும் குன்றிற்று. நவம்பர் 26இல் கெப்பெட்டிப்பொலவும் மடுகல்லவும் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டனர். ஊவாவின் வீடுகளும் வயல்களும் பாழாயின. வேடதாரியோ தப்பி மறைந்தான்!

சீனத்திலும் 1644இல் மிங் மரபு வீழ்ந்தபின், மறைந்த இளவரசன் தானே என்று கிளம்பியோர் உண்டு. குறை கேட்பாரற்ற மக்கள் இல்லாத அரசனையும் தேடிக் கண்டுபிடிப்பர்.

மாணவர்களே, ஒன்று எண்ணுங்கள். ஊவாச் சிங்கள மக்களைத் திரட்டச் சிங்களவன் ஒருவன் பூண்ட பெயர் துரைசாமி! அந்நாளில் அப்பெயர் அவர்களைப் பிரிக்கவில்லை, சேர்த்தது. இன்று அப்பெயருடைய சிறுவன் லயத்திலிருந்து பள்ளிக்கு வரும்போது அவனை அந்நியனென்று எவரேனும் இகழ்ந்தால், இச்சரித்திரம் அவனுக்குத் துணை நிற்கும்.

ஆயினும், கண்டி மன்னர் வழிவந்தோம் என்று நாம் பெருமை பேசவும் வேண்டா. நம் முன்னோர் பின்னாளிலே கோப்பித் தோட்டத்துக்கு உழைக்க வந்தவர். இல்லாத உறவைக் கற்பித்தால் நாமும் வில்பாவேயின் வேடத்தையே பூண்டவராவோம். காட்டைத் தோட்டமாக்கிய கைகளுக்கு முடி எதற்கு? அவ்வுழைப்பே நம் உரிமைப் பத்திரம்.